வெப்ப இழப்பு இல்லை எனக் கொள்க

மார்கழி, விடியற்காலை மூன்றே கால்.
ஃப்யூஸ் போய்விட்டது.
பதினான்காம் அறைதான், வேறு எது.

அறைக்குள் ராடு போடக் கூடாது என்று
தமிழிலும் வங்காளத்திலும் எழுதி
படிக்கட்டுத் திருப்பத்தில் ஒட்டியவன் நான்.
வங்காளத்தை ஒரு நோயாளியின் தம்பி எழுதித் தந்தான்.
என்ன எழுதினானோ,
படித்தவர்கள் சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள்.

டார்ச்சோடு போனேன்.
ஷெஃபாலி மண்டல் கதவைத் திறந்தாள்.
பாங்குராவிலிருந்து வந்து முப்பத்தொன்பது நாள்.
மஞ்சள் வாளி, பத்து லிட்டர்,
சேலைக்குப் பின்னால் மறைகிற அளவில்லை.
கட்டிலில் நிதாய், அறுபது கிலோ இருப்பார்,
போர்வையை உதைத்துத் தள்ளிக்கொண்டு.
தெர்மாமீட்டரை என்னிடமே நீட்டினாள்:
நூற்றிரண்டைச் சற்றே தாண்டி.
பச்சைத் தண்ணீர் வேண்டாம்,
வெதுவெதுப்பாகத் துடை, மாத்திரை கொடு,
காலையில் கூட்டி வா என்று
ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்களாம்.
பாதி இந்தி, பாதி கை.

கீழே வந்து ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கியபோது
மனசு தானாகப் பெருக்கத் தொடங்கியது.
ஊரிஸில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். மூன்று அரியர்.

தொட்டித் தண்ணீர் இருபத்தைந்து டிகிரி,
வேண்டியது முப்பத்தைந்து.
பத்து கிலோ, பத்து டிகிரி, நாலாயிரத்து இருநூறு:
நாலு லட்சத்து இருபதாயிரம் ஜூல்.

மனிதனும் பெரும்பாலும் தண்ணீர்தான்,
எலும்புக்கும் கொழுப்புக்கும் கழித்தால் மூவாயிரத்து ஐந்நூறு.
அறுபது கிலோ, ஏறிய காய்ச்சல் இரண்டு டிகிரி:
நாலு லட்சத்து இருபதாயிரம்.

கம்பியைப் பல்லில் கடித்தபடி மறுபடி பெருக்கினேன்.
மாறவில்லை.
அவள் வாளியில் ஏற்றப் பார்த்ததும்
அவர் உடம்பிலிருந்து இறக்கப் பார்த்ததும்
ஒரே எடை மூட்டை.

வெளியே மலை இருட்டில் கிடந்தது.
பகலெல்லாம் கொதித்த பாறை
எட்டு மணிக்கே ஆறிவிட்டது.
கல்லின் ஏற்புத்திறன் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு;
சட்டென்று கோபம், சட்டென்று மறதி.
தண்ணீர் எவ்வளவு வாங்கினாலும்
முகத்தில் காட்ட நேரமாகும்.

ஏற்புத்திறன். இந்தச் சொல்லை
மூன்று வருஷம் மனப்பாடம் செய்தேன்,
ஒருநாளும் படிக்கவில்லை.

கம்பியை முறுக்கி மாட்டினேன்.
ராடு ஆயிரம் வாட், ஆக ஏழு நிமிஷம்.
ஏழு நிமிஷம் இந்தக் கம்பி தாங்க வேண்டும்.
கார்ப்பரேஷன் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினேன்.
லாட்ஜ் பெயர்ப்பலகையை அணைத்தேன்.
முதலாளி அறை ஃபிரிட்ஜையும்.
பிறகு மாடியை நோக்கிக் கத்தினேன்: போடுங்கம்மா!

மீட்டரில் சிவப்புப் பொட்டு சிமிட்டியது.
முந்நூறு வரை எண்ணினேன்.

வெப்ப இழப்பு இல்லை எனக் கொள்க,
எல்லாக் கேள்வியும் இப்படித்தான் முடியும்.
வாளிக்கு மூடி இல்லை.
ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை.
சும்மா படுத்திருக்கும் மனிதனே எண்பது வாட்,
யாரும் அணைக்க விரும்பாத குண்டு பல்பு.
ஏற்றிக்கொண்டே இருக்கிறார்,
இவள் இறக்கிக்கொண்டே இருக்கிறாள்.
ஈரத்துணி நெற்றியிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து காலுக்கு.
தோலின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானால்
மூட்டை முழுதும் போய்விடும்.
அது எந்த வழியாகப் போனது என்று
எந்தத் தேர்விலும் கேட்டதில்லை.

ஐந்தரைக்கு வாளி படியில் இருந்தது.
மிச்சத் தண்ணீரில் கை விட்டுப் பார்த்தேன்,
இன்னும் கொஞ்சம் சூடு.
ராடு தந்ததா, நிதாய் தந்ததா,
தண்ணீர் பெயர் எழுதி வைப்பதில்லை.
நூறு என்று விரல்களால் காட்டிவிட்டு
ஆட்டோ கூப்பிடச் சொன்னாள்.

எட்டு மணிக்கு முனிரத்தினம் வந்தார்.
"இன்னா பி.எஸ்ஸி., ராத்திரி போர்டு லைட்டே எரியலியாமே?
பதினாலுல ராடு போட்டாங்களா? ஐந்நூறு எழுது."

நோட்டை என் பக்கம் இழுத்து எழுதினேன்:
அறை பதினான்கு, மின்சாரம்,
ஒரு ரூபாய் பத்து பைசா.
கொஞ்சம் யோசித்து, கீழே சின்ன எழுத்தில்:
வெப்ப இழப்பு உட்பட.